திடல் யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்துக் கால்பந்து என்றதும் நம் இளைஞர்கள் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் என்று அடுக்குவார்கள். தொலைக்காட்சி வழியாக நம் வீட்டுக் கூடம் வரை வந்துவிட்ட பெயர்கள் அவை. ஆனால், அந்த நாட்டில் கால்பந்து என்பது பல நிலைகள் கொண்ட ஒரு கோபுரம். கலசத்தின் இடத்தில் இருப்பவை பிரீமியர் லீக்கின் 20 கிளப்புகள். அடுத்த மூன்று பிரிவுகளில் 72 கிளப்புகள். இந்த 92-க்கும் கீழே, நகரங்களிலும் சிற்றூர்களிலுமாக நூற்றுக்கணக்கான கிளப்புகள் நிலை நிலையாக ஆடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மொத்தமாக வழங்கும் பெயர் 'நான்-லீக்'. அதாவது லீக்கைச் சேராதவை. (தமிழ்க் காதுக்கு அந்த 'நான்' வேறு பொருளில் ஒலிக்கும். அதுவும் பொருந்தாமல் இல்லை.)

உண்மையில் அவையும் லீக்குகளில்தான் ஆடுகின்றன. எடுத்துக்காட்டாக, லண்டனையும் தென்கிழக்கு இங்கிலாந்தையும் சேர்ந்த கிளப்புகள் ஆடும் இஸ்த்மியன் லீக் 1905-இல் தொடங்கப்பட்டது. 'பெருமையே போதும்' என்று பொருள்படும் இலத்தீன் தொடரைக் கொள்கையாகக் கொண்டு, வென்ற அணிக்குக் கோப்பையோ பதக்கமோ தராமல் நடந்த அமைப்பு அது. 'சேராதவை' என்ற சொல் குறிப்பது, 1888-இல் 12 கிளப்புகள் கூடித் தொடங்கிய 'ஃபுட்பால் லீக்'கை. அதற்குள் நுழைய நெடுங்காலம் வாக்கெடுப்பு முறை இருந்தது. உள்ளே இருக்கும் கிளப்புகள் வாக்களித்து, தங்களில் ஒருவரை வெளியேற்றி, வெளியே நிற்பவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் எப்படி வாக்களிப்பார் என்பதைச் சொல்லப் பொருளாதாரப் பேராசிரியர் தேவையில்லை. கீழ்நிலையில் முதலிடம் பெறும் அணி தானாகவே மேலே செல்லும் முறை 1986-87 பருவத்தில்தான் வந்தது. அவ்வாறு முதலில் ஏறிய கிளப் ஸ்கார்பரோ.

இந்த ஏற்ற இறக்க முறை நமக்குச் சற்றுப் புதியது. நம் ஐபிஎல் கிரிக்கெட்டில் 2025-ஆம் ஆண்டு சென்னை அணி கடைசி இடம் பெற்றது. அதனால் அணிக்கு என்ன நேர்ந்தது? ஒன்றுமில்லை. உரிமம் வாங்கியவர் உள்ளேயே இருப்பார். வாங்காதவர் எவ்வளவு திறமை காட்டினாலும் வெளியேதான் நிற்பார். இங்கிலாந்தில் அப்படியில்லை. விம்பிள்டன் 1977 வரை நான்-லீக் கிளப்; 1988-இல் லிவர்பூலை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்றது. கொள்கை அளவில், ஊர்ப்புறத் திடலில் ஆடும் எந்த அணியும் படிப்படியாக ஏறி உச்சிக்குப் போகலாம். நடைமுறையில் போவதில்லை என்பது வேறு. ஆயினும், கதவு திறந்திருக்கிறது என்ற நினைப்பே பல ஊர்களில் கிளப்புகளை உயிரோடு வைத்திருக்கிறது.

அண்மையில் வட லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அப்படியோர் ஆட்டத்துக்குப் பேரனை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். 'தொலைக்காட்சியில் சாம்பியன்ஸ் லீக் இருக்கும்போது, இந்தக் குளிரில் அங்கே எதற்கு மாமா?' என்றார் மருமகன். நியாயமான கேள்விதான். அதற்கான விடையில்தான் இந்தக் கட்டுரையின் பொருளும் இருக்கிறது.

முதலில், ஏன் செவ்வாய்க்கிழமை? ஆங்கிலேயரின் கால்பந்து நாள் சனிக்கிழமை. அதற்குக் காரணம் தொழிற்சாலைச் சட்டம். 1850-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியோடு நிறுத்தியது. கையில் வாரக்கூலி, முன்னால் அரை நாள் ஓய்வு. அந்த இடைவெளியில்தான் கால்பந்து மக்களின் ஆட்டமாக வளர்ந்தது. வாரநாள் ஆட்டம் என்றால் வேலைக்கு மட்டம் போடுவது என்று பொருளாக இருந்தது. உலகப் போருக்குப் பின் உற்பத்தி பாதிக்கப்படுமென அஞ்சி, 1947-இல் அரசே வாரநாள் போட்டிகளைக் கட்டுப்படுத்தியது. மின்னொளியில் ஆடுவது 1878-இலேயே ஷெஃபீல்டில் சோதிக்கப்பட்ட ஒன்று. என்றாலும் கால்பந்துச் சங்கம் 1930-இல் அதைத் தடை செய்து, இருபது ஆண்டுகள் கழித்துத்தான் விலக்கிக்கொண்டது. லீக்கின் முதல் மின்னொளி ஆட்டம் நடந்தது 1956-இல். இன்று நான்-லீக் கிளப்புகளுக்கு வாரநாள் மாலை தவிர்க்க முடியாதது. பருவம் ஒன்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள்; கோப்பை ஆட்டங்கள் தனி; மழையில் திடல் தேங்கியும் உறைபனியில் இறுகியும் ஒத்திவைக்கப்படும் ஆட்டங்கள் வேறு. எல்லாமே செவ்வாய்க்கோ புதனுக்கோ வந்து சேர்கின்றன.

சனிக்கிழமைக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் எந்தக் கால்பந்து ஆட்டமும் தொலைக்காட்சியில் நேரலையாக வரக்கூடாது. மக்கள் வீட்டில் அமர்ந்து பெரிய அணிகளைப் பார்த்தால் சிறிய திடல்கள் காலியாகிவிடும் என்பதால் 1960-களில் ஏற்பட்ட ஏற்பாடு இது. செவ்வாய் மாலைக்கு அத்தகைய வேலி எதுவும் இல்லை. ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் அதே நேரத்தில் திரையில் ஆடுகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, பகலில் மின்பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ வேலை செய்துவிட்டு வரும் 22 பேரைப் பார்க்க எவர் வருவார்?

அன்று வந்தவர்கள் 312 பேர். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், அறிவித்ததும் கூட்டமே தனக்குத் தானே கைதட்டிக்கொண்டது.

திடல் ஒரு குடியிருப்புத் தெருவின் முடிவில் இருந்தது. இரும்புச் சுழல் வாயில். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம். உள்ளே ஒரு பக்கம் சிறிய கூரையின் கீழ் இருக்கைகள். மற்ற மூன்று பக்கமும் நிற்க வேண்டியதுதான். ஆட்டக்களத்துக்கும் நமக்கும் இடையே இடுப்பளவு இரும்புக் கம்பி மட்டுமே. தொலைக்காட்சியில் ஒருபோதும் கேட்காத ஒன்று அங்கே கேட்டது: ஆட்டக்காரர்கள் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கோல்காப்பாளர் தொண்ணூறு நிமிடமும் கத்துகிறார். எச்சரிக்கை, வசவு, பாராட்டு எல்லாம் கலந்த அந்தப் பேச்சில் பாதியைப் பேரனுக்கு விளங்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவனுக்கு என்னைவிட நன்றாகவே விளங்கியது.

இடைவேளையில் ஒரு விந்தை. ஒரு கோலுக்குப் பின்னால் நின்றிருந்த கூட்டம் மொத்தமும் நடந்து எதிர்ப்பக்கக் கோலுக்குப் பின்னால் போய் நின்றது. தம் அணி எந்தப் பக்கம் கோல் அடிக்க வேண்டுமோ, அந்தப் பக்கம். எதிரணி ஆதரவாளர்கள் மறு திசையில் வந்தார்கள்; வழியில் இரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டார்கள். பெரிய லீக்குகளில் இரு தரப்பாரையும் பிரித்து வைக்கத் தனி வாயில்களும் காவலர் வரிசையும் தேவைப்படுகின்றன. மது விஷயத்திலும் அப்படித்தான். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் ஐந்து நிலைகளில் களம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது. அதற்குக் கீழே அந்தத் தடை இல்லை. பலர் கையில் பீர்க் கோப்பையோடு நின்றார்கள். எனக்குத் தேநீர். அட்டைக் கோப்பையில் தந்த அந்தத் தேநீர், உள்ளபடியே சொன்னால், சுமார்தான். குளிருக்குக் கையைச் சூடாக்க உதவியது.

ஆட்டம் 1-1 என முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொல்ல வேண்டியது கணக்கைப் பற்றி.

சலுகைக் கட்டணங்களையும் சேர்த்து ஒருவருக்குச் சராசரி 10 பவுண்டு என்று கொள்வோம். 312 பேருக்கு 3,120 பவுண்டு. 22 அணிகள் கொண்ட பிரிவில் சொந்தத் திடலில் 21 லீக் ஆட்டங்கள். ஆக, பருவம் முழுவதற்கும் நுழைவுக் கட்டணமாக வருவது ஏறத்தாழ 65,000 பவுண்டு. லண்டனில் ஒரு சிறிய அடுக்ககக் குடியிருப்பின் விலையில் கால் பங்குகூட வராது. இதை வைத்துக்கொண்டு ஆட்டக்காரர்களுக்கு வாரப்படி, பயிற்சியாளர் ஊதியம், நடுவர் கட்டணம், வெளியூர்ப் பயணம், மின்கட்டணம், புல்தரைப் பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சமாளிக்க வேண்டும். முடியாது. எனவே, மது விற்பனை, மண்டப வாடகை, குலுக்கல் சீட்டு, உள்ளூர்க் கடைகளின் நன்கொடை என்று பல வாய்க்கால்கள். அன்று ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயரோடும் அவருக்கு ஆதரவு தரும் கடையின் பெயரும் வாசிக்கப்பட்டது. சில கிளப்புகள் செயற்கைப் புல் பதித்து, வாரம் முழுவதும் வாடகைக்கு விடுகின்றன. ஏறினால் அதற்கும் ஆபத்து. சட்டன் யுனைடெட் கிளப் 2021-இல் முதன்முறையாக லீக்குக்குள் நுழைந்தபோது, லீக் விதிப்படி செயற்கைத் தரையைப் பெயர்த்துவிட்டுப் புல்தரை போட நேர்ந்தது. வருவாய் தந்த தரையை வெற்றியே பறித்துக்கொண்டது!

சுழல் வாயிலில் சீட்டு வாங்கியவர், தேநீர் ஊற்றியவர், இடைவேளையில் களத்தின் பெயர்ந்த புல்லை முள்கரண்டியால் குத்திச் சமன் செய்தவர் ஆகிய மூவரும் ஊதியம் பெறாதவர்கள். நாட்டு வருமானக் கணக்கில் அவர்கள் உழைப்புக்கு மதிப்பு சுழியம். அந்தச் சுழியத்தை நீக்கிவிட்டால் ஆட்டம் நடக்காது.

விளையாட்டுப் பொருளாதாரத்தில் வால்டர் நீல் 1964-இல் எழுதிய ஒரு கட்டுரை புகழ்பெற்றது. எந்தத் தொழிலிலும் போட்டியாளர் அழிந்தால் நமக்கு இலாபம். விளையாட்டில் மட்டும் போட்டியாளர் அழிந்தால் நம் தொழிலே அழியும் என்றார் அவர். எதிரே ஆட ஓர் அணி வேண்டுமல்லவா? கீழ்நிலைகளில் இது இன்னும் கூர்மையானது. பக்கத்து ஊர்க் கிளப் மூடினால், அதிகக் கூட்டம் சேரும் ஆட்டம் போகிறது.

வாங்குவோர் பக்கமும் விந்தையானதுதான். ஜான் குருட்டில்லா என்ற பொருளியலாளர் 1967-இல், ஒரு காட்டையோ பள்ளத்தாக்கையோ நேரில் பாராத மனிதரும் அது அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகப் பணம் தர முன்வருவார் என்று வாதிட்டார். இதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவர்கள் ஐயத்தோடு பார்ப்பார்கள். இன்று விளக்க நேர்ந்தால் மரீன் கிளப்பைச் சொல்வேன். லிவர்பூலுக்கு அருகே கிராஸ்பியில் உள்ள, அப்போது எட்டாம் நிலையில் ஆடிய கிளப் அது. 2021 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் டாட்டன்ஹாம் அணி அதன் சிறு திடலுக்கு வந்தது. கொரோனா காலம், பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. வாழ்நாளில் ஒருமுறை வரும் வசூல் போய்விட்டதே என்று கலங்கிய கிளப், 'மெய்நிகர் சீட்டு' ஒன்றை 10 பவுண்டுக்கு விற்றது. அதைக் கொண்டு திடலுக்குள் நுழைய முடியாது. ஆட்டமோ தொலைக்காட்சியில் இலவசமாகவே தெரிந்தது. ஆயினும் 30,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன. மரீன் 0-5 என்று தோற்றது.

எஃப்.ஏ. கோப்பை இந்தக் கிளப்புகளுக்கு ஒரு மழைக்காலம் போன்றது. ஆகஸ்டில் தகுதிச் சுற்றுகளோடு தொடங்கும் அந்தப் போட்டியில் மொத்தம் எழுநூறுக்கும் மேற்பட்ட கிளப்புகள் ஆடுகின்றன. 2003-இல் லீக்கிலிருந்து கீழே விழுந்து, கடனில் தத்தளித்து, ஆதரவாளர் அறக்கட்டளையின் கைக்கு வந்த எக்ஸிட்டர் சிட்டி, 2005 ஜனவரியில் ஓல்டு டிராஃபர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று தடுத்து நிறுத்தியது. சமன் என்றால் மறுஆட்டம். வாரநாள் இரவில் தன் ஊரிலேயே நடந்த அந்த மறுஆட்டத்தில் எக்ஸிட்டர் தோற்றது. ஆனால், இரண்டு ஆட்டங்களின் வசூலும் ஒளிபரப்புத் தொகையும் கடனைக் குறைத்துக் கிளப்பை நிமிர்த்தின. 2024-25 பருவத்திலிருந்து முதல் சுற்று தொடங்கி மறுஆட்டங்களே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பெரிய கிளப்புகளின் நாள்காட்டியில் இடமில்லையாம்.

இத்தனைக்குப் பிறகும் வரவு செலவுப் பற்றாக்குறையால் அழியும் கிளப்புகளைவிட, எனக்குக் கவலை தருபவை வேறு காரணத்தால் அழிபவை. அக்காரணம் மண். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஊரின் ஓரத்தில் மலிவாகக் கிடைத்த நிலத்தில் அமைந்த திடல்கள் இன்று ஊரின் நடுவில் இருக்கின்றன. கிளப்பின் ஆண்டு வருவாய் அதே இடத்தில் கட்டக்கூடிய வீடுகளின் விலைக்கு முன்னால் கண்ணுக்கே தெரியாது. அந்த நிலம் ஆதரவாளரின் கையிலோ நகராட்சியின் கையிலோ இல்லாமல் ஒரு தனியாரின் கையில் இருந்தால், கிளப்பை நடத்துவதைவிட மூடுவதே இலாபம் என்ற நிலை வந்துவிடுகிறது.

வட லண்டனின் என்ஃபீல்டு இதற்குப் பாடம் போன்றது. 1983-இலும் 1986-இலும் நான்-லீக்கின் உச்சப் பிரிவில் முதலிடம் பெற்ற கிளப் அது. தானாக மேலேறும் முறை அதற்கு அடுத்த பருவம்தான் வந்தது என்பதால் லீக்கின் கதவு திறக்கவில்லை. 1999-இல் அதன் சவுத்பரி சாலைத் திடல் விற்கப்பட்டது. புதிய திடல் அமையவில்லை. கிளப் பிற ஊர்த் திடல்களில் ஆடித் தேய்ந்தது. 2001-இல் ஆதரவாளர்கள் தனியே பிரிந்து 'என்ஃபீல்டு டவுன்' என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். உறுப்பினருக்கே சொந்தமான அந்தக் கிளப்புக்கு நகரிலேயே நிலையான திடல் கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின.

தென் லண்டனின் டல்விச் ஹாம்லெட் 1893-இல் தொடங்கிய கிளப். 2018 மார்ச்சில் நிலத்தை வைத்திருந்த கட்டுமான நிறுவனம் அதைச் சாம்பியன் ஹில் திடலிலிருந்து வெளியேற்றியது. அத்தோடு நிற்கவில்லை. 'டல்விச் ஹாம்லெட்' என்ற பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டு, அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று கிளப்புக்குக் கடிதம் வந்தது. நூறாண்டுக்கு மேல் வழங்கிய பெயரை அதன் உரியவர் உச்சரிக்கக் கூடாதாம்! ஊர் மக்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் குரல் எழுப்பிய பிறகு பெயர் திரும்பியது. அந்த ஆண்டு டிசம்பரில் கிளப்பும் திடலுக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில், இரவல் திடலில் ஆடியே அது ஒரு நிலை மேலே ஏறியிருந்தது.

மேலே இருந்தவர்களுக்கும் இதே விதி. பரி கிளப் 1885-இல் பிறந்தது. 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. கடனில் மூழ்கி, திடலும் அடமானத்தில் சிக்கி, 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 125 ஆண்டு உறுப்பினருரிமை ஒரு மாலையில் முடிந்தது. அரசு நிதியின் உதவியோடு ஆதரவாளர்கள் கிக் லேன் திடலை 2022-இல் மீட்டார்கள். 2023-இல் கிளப் மீண்டும் அங்கே ஆடத் தொடங்கியது, ஒன்பதாம் நிலையில்.

பரியின் வீழ்ச்சி நாட்டை உலுக்கியது. டிரேசி கிரவுச் தலைமையிலான ஆய்வுக்குழு 2021-இல் தந்த பரிந்துரைகளின் வழியே, 2025 ஜூலையில் கால்பந்து ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. தன்னாட்சி பெற்ற ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று அமைந்துள்ளது. அதன் ஒப்புதல் இல்லாமல் திடலை விற்க முடியாது. கிளப்பின் சின்னத்தையும் நிறத்தையும் ஆதரவாளரைக் கேளாமல் மாற்ற முடியாது. வரவேற்கத்தக்க சட்டம். சுதந்திரச் சந்தையைத் தெய்வமாக வணங்கும் நாட்டில் இப்படியொரு சட்டம் வந்ததே வியப்பு.

ஆனால், அதன் எல்லை முதல் ஐந்து நிலைகள். மொத்தம் 116 கிளப்புகள். ஆறாம் நிலையிலிருந்து கீழே அது செல்லாது. நான் சென்ற திடல் அதன் நிழலில் இல்லை. என்ஃபீல்டும் டல்விச்சும் தம் திடலை இழந்தபோது இருந்த நிலைகளும் இல்லை. நிர்வாகச் சுமையைச் சிறிய கிளப்புகள் தாங்கமாட்டா என்பது சொல்லப்படும் நியாயம். கணக்குத் தணிக்கை, உரிமையாளர் தகுதித் தேர்வு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். திடல் விற்பனைக்கு ஒப்புதல் பெறுவதில் என்ன சுமை இருக்க முடியும்? விற்காதவரை ஒரு தாளும் நிரப்ப வேண்டியதில்லையே.

கீழ்நிலைக் கிளப்புகளுக்கு எஞ்சியிருப்பவற்றுள் முக்கியமானது 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். அதன்படி ஊர்மக்கள் ஒரு திடலைச் 'சமுதாய மதிப்புள்ள சொத்து' என்று உள்ளாட்சியில் பதிவு செய்யலாம். பிறகு உரிமையாளர் விற்க முற்பட்டால், மக்கள் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் உண்டு. அந்த ஆறு மாதம் கழிந்தபின் அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். மக்கள் திரட்டிய தொகையை ஏற்றே ஆக வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. நான் மேலே போட்ட கணக்கின்படி, அந்த 312 பேரும் ஆறு மாதத்தில் வாயிலில் செலுத்தும் தொகை சுமார் 30,000 பவுண்டு.